கிளெஸ்மர் பங்க் என்றால் என்ன? ஜெஃப் பெர்னரின் அக்கார்டியன் வழியாக ஓர் அறிமுகம்

2010 பிப்ரவரியில் கனடாவின் வான்கூவர் நகரத்தில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அந்த ஊர்க்காரரான ஜெஃப் பெர்னர் என்ற பாடகர், யாரும் கேட்காமலே, அந்த விழாவுக்கு 'அதிகாரபூர்வப் பாடல்' என்று ஒன்றை எழுதிப் பாடினார். மெட்டு துள்ளலாக இருக்கும். துருத்தியை இழுத்து வாசிக்கும் அக்கார்டியன் குதித்துக்கொண்டு போகும். வரிகளைக் கவனித்தால்தான் விஷயம் புரியும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு 2000களின் தொடக்கத்தில் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி, குழந்தைகளின் மரணங்களை ஆராயும் அமைப்பை மூடிவிட்டது. நூற்றுக்கணக்கான கோப்புகள் முடிக்கப்படாமலே கிடந்தது பிறகு வெளியே வந்தது. அதே அரசிடம் ஒலிம்பிக்குக்கு மட்டும் பணம் இருந்தது. பெர்னரின் பாட்டு இதைத் திட்டிப் பேசாது. இவ்வளவு அருமையான விழா கிடைத்திருக்கிறதே, செத்த குழந்தைகள் அந்த விலைக்குத் தகும் என்று அரசின் வாயாலேயே கொண்டாடும். தாளம் போட்டுக்கொண்டே கேட்டு வருகிறவர் பாதியில் கையை நிறுத்திவிடுவார்.

பெர்னர் பாடும் இந்த வகை இசைக்குக் கிளெஸ்மர் பங்க் என்று பெயர். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசை கிளெஸ்மர். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் வெடித்துக் கிளம்பிய முரட்டு ராக் இசை பங்க். இரண்டையும் ஒன்றாகக் கேள்விப்படும்போது, புதுமைக்காக யாரோ செய்த ஒட்டுவேலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நையாண்டி கிளெஸ்மருக்குள் முதலிலிருந்தே இருந்தது, இடையில் அடங்கிப்போன அதன் குரலைப் பங்க் மறுபடி உயர்த்திவிட்டது என்பதுதான் என் கட்சி. இது விளங்க வேண்டுமானால் 19ஆம் நூற்றாண்டின் ஒரு யூதக் கல்யாணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

உக்ரைன், லித்துவேனியா, போலந்து, ருமேனியா பகுதிகளில் இத்திஷ் மொழி பேசிய யூதர்கள் லட்சக்கணக்கில் வாழ்ந்த காலம் அது. கல்யாணம் என்றால் இசைக்குழு இல்லாமல் நடக்காது. வயலின், குச்சியால் தட்டி வாசிக்கும் சந்தூர் மாதிரியான ட்ஸிம்பல், ஒரு பெரிய பேஸ் வயலின், சில இடங்களில் புல்லாங்குழல். கிளாரினெட் கொஞ்சம் பின்னால் வந்து சேர்ந்தது. வாசித்தவர்களுக்குச் சமூகத்தில் பெரிய மரியாதை கிடையாது. தொழில் பெரும்பாலும் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது. ஆடுகிறவர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாகக் காசு கொடுப்பார்கள். வெளியாருக்குப் புரியாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள இந்தக் கலைஞர்கள் தனியாக ஒரு குழூஉக்குறி மொழியே வைத்திருந்தார்கள். மேல்தட்டு ஆட்களைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு, அவர்களிடமே கூலிக்குக் கைநீட்டி நிற்கிறவனுக்கு அவர்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

அதைச் சொல்வதற்கென்றே ஓர் ஆளும் இருந்தார். அவருக்குப் பெயர் பத்கன். கல்யாணத்தை நடத்திக்கொடுப்பவர், கவி பாடுபவர், கோமாளி, மூன்றும் அவர்தான். சடங்குக்கு முன்பு மணப்பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்துப் பெண்கள் சுற்றி நிற்பார்கள். பத்கன் எதுகை போட்டுப் பாட ஆரம்பிப்பார். இன்றோடு உன் பெண்பிள்ளைப் பருவம் முடிந்தது, இனி கஷ்டகாலம், செத்துப்போனவர்கள் இதைப் பார்க்க இல்லையே என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவார். ஒவ்வொரு அடி முடிந்ததும் வயலின் அதை வாங்கி விம்மும். மணப்பெண்ணை அழவைப்பது அவருடைய வேலையில் ஒரு பகுதி. அவள் அழவில்லை என்றால் வேலை சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் சாப்பாடு முடிந்து மொய்யும் சீர்ப்பொருளும் அறிவிக்கிற நேரத்தில் அதே மனிதர் பணக்கார மாமாவின் கஞ்சத்தனத்தையும் சம்பந்தியின் ஜம்பத்தையும் பாட்டிலேயே கிண்டலடிப்பார். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. அவருக்கு அந்த இடத்தில் அந்த உரிமை உண்டு.

அழவைத்த வாயே அடுத்த மணி நேரத்தில் சிரிக்க வைத்தது. எதிரில் இருக்கும் செல்வாக்குள்ளவனை அவன் காசில் நடக்கும் விழாவிலேயே குத்திக்காட்டியது. பெர்னரின் ஒலிம்பிக் பாட்டு செய்வதும் இதைத்தான். ஊர் கூடிய விழாவில் எழுந்து நின்று, எல்லாரும் ஆடுகிற மெட்டிலேயே, யாரும் பேச விரும்பாததைப் பேசுவது.

பத்கன்கள் வெறும் விகடகவிகள் இல்லை. லித்துவேனியாவின் வில்னாவைச் சேர்ந்த எல்யாகும் ட்ஸுன்சர் என்பவர் அவர்களில் மிகவும் பேர் பெற்றவர். இளவயதில் ரஷ்ய ஜார் அரசின் படைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, சட்டம் மாறியதால் விடுதலையானவர். அந்தக் காலத்தில் யூதச் சிறுவர்களைப் பிடித்துப் பல வருஷப் படைச் சேவைக்கு அனுப்பினார்கள். அதற்கு ஆள்பிடித்துக் கொடுத்தவர்களில் யூதர்களே இருந்தார்கள். ட்ஸுன்சர் அதையும் பாட்டாக்கினார். 1889இல் நியூயார்க்குக்குக் குடியேறி, அச்சகம் நடத்தி, 1913இல் இறந்தார். கல்யாண வீட்டுக் கவிராயரிடமிருந்து அரசியல் பாட்டுக்கு அதிக தூரம் இல்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே போதும்.

சரி, இசைக்கு வருவோம். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்குக் கிளெஸ்மர் ஸ்வரங்கள் முற்றிலும் அந்நியமாக இருக்காது. அதில் அடிக்கடி வரும் ஃப்ரைகிஷ் என்ற ஸ்வர வரிசையில் இருப்பவை 14ஆவது மேளகர்த்தாவான வகுளாபரணத்தின் ஸ்வரங்கள்தான். மிஷெபேரக் என்று சொல்லப்படும் இன்னொன்று 58ஆவது மேளமான ஹேமவதியோடு ஒத்துப்போகும். ஸ்வர வரிசைதான் ஒன்று. கமகமும் நடையும் வேறு. சாதாரண மேற்கத்தியக் காதுக்கு இந்த ஸ்வர வரிசைகள் சோகமாகப் படும், ஆனால் கிளெஸ்மரில் ஆட்டம் போடுவதே இவற்றில்தான். சோகமான ஸ்வரம், சந்தோஷமான வேகம். இந்த முரண் நையாண்டிக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

தாளத்தில் புல்கர் என்ற வேக ஆட்டத்தை மட்டும் தெரிந்துகொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். எட்டு அட்சரத்தை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிப்பார்கள். தகிட தகிட தக என்று சொல்லிப் பார்த்தால் கால் தானாக ஆடும். எதிர்முனையில் தாளமே இல்லாத டோய்னா இருக்கிறது. ருமேனிய மேய்ப்பர்களின் பாணியிலிருந்து வந்த அது ஏறக்குறைய ஆலாபனை மாதிரி போகும். இரண்டிலும் பொதுவாக வருவது க்ரெக்ட்ஸ் என்ற அலங்காரம். ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே நடுவில் ஒரு விக்கல் அல்லது விம்மல் மாதிரி வெட்டுவது. யூதத் தொழுகைக்கூடத்துப் பாடகர்களின் குரலில் இருந்து வந்த பழக்கம். இது இல்லாமல் ஸ்வரத்தை மட்டும் வாசித்தால் கிளெஸ்மர் ஆகாது.

1880களிலிருந்து 1924 வரை சுமார் 20 லட்சம் யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனார்கள். கூடவே இசையும் போனது. 1920களில் நியூயார்க்கில் நஃப்துலே பிராண்ட்வைன், டேவ் டாராஸ் என்ற இரண்டு கிளாரினெட் மேதைகள் பதிவு செய்த இசைத்தட்டுகள்தான் இன்றைக்கும் பாடப்புத்தகம். பிராண்ட்வைன் தன் விரல்வித்தையை மற்றவர்கள் திருடிவிடக் கூடாது என்று ரசிகர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிப்பார் என்று ஒரு கதை உண்டு. அடுத்த தலைமுறைக்கு இந்த இசை பழைய நாட்டின் வாடையாகத் தெரிந்தது. 1950களில் மிக்கி காட்ஸ் என்ற கிளாரினெட் கலைஞர் பிரபலமான ஆங்கிலப் பாட்டுகளை இத்திஷ் கலந்து கிண்டலாக மாற்றிப் பாடினார். நடுவில் திடீரென்று அசல் கிளெஸ்மர் வெறியாட்டம் ஒன்று வரும். வெள்ளை அமெரிக்காவில் நாசூக்காகக் கரைந்துவிட விரும்பிய யூதர்கள் பலருக்கு அது கூச்சத்தைக் கொடுத்தது. எனக்கு அவர் பத்கன் பரம்பரையில் வந்தவராகவே தெரிகிறார்.

ஐரோப்பாவில் நடந்தது நமக்குத் தெரியும். நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். கல்யாணங்களும் கலைஞர்களும் ஊர்களும் சேர்ந்தே அழிந்தன. வட ருமேனியாவின் மாராமுரேஷ் போன்ற இடங்களில், முன்பு யூதக் கல்யாணங்களுக்கு வாசித்த ரோமா (ஜிப்சி) கலைஞர்கள் அந்த மெட்டுகளை மனதில் வைத்திருந்தார்கள். யூதர்களே இல்லாமல் போன ஊரில் அவர்களின் ஆட்டப்பாட்டு அடுத்த வீட்டுக்காரனின் வயலினில் மிஞ்சியது.

1970களின் நடுவில் அமெரிக்க இளைஞர்கள் சிலர் பழைய இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்டு, இன்னும் உயிரோடிருந்த டாராஸிடம் நேரில் போய்க் கற்று, கிளெஸ்மரை மீட்டெடுத்தார்கள். மீட்பு நல்லபடி நடந்தது. ஆனால் அதோடு ஒரு சிக்கலும் வந்தது. இழந்ததை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு அந்தப் பழைய ஊர்கள் அழகாகவே தெரியும். கூரைமேல் வயலின், அன்பான பாட்டி, பனி பெய்யும் தெரு. பசி, படைக்குப் பிடித்துப்போன பிள்ளை, முதலாளியின் சுரண்டல், குடி, விபச்சாரம், வேலைநிறுத்தம் எல்லாம் படத்திலிருந்து விடுபட்டுவிட்டன. 1986இல் நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜில் தொடங்கிய தி கிளெஸ்மாட்டிக்ஸ் குழு இந்தச் சர்க்கரைப்பாகுக்கு எதிராக முதலில் திரும்பியவர்களில் முக்கியமானது. இத்திஷ் தொழிலாளர் பாட்டுகளை அவர்கள் மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பங்க் உள்ளே நுழைந்தது இந்த இடைவெளியில்தான். பங்கின் கொள்கை எளிது. மூன்று கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) தெரிந்தால் போதும், அழகாகப் பாட வேண்டாம், சொல்ல வேண்டியதைச் சொல், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காதே. அந்த வரலாற்றிலும் யூத இழை உண்டு. நியூயார்க்கின் ஆரம்பகாலப் பங்க் குழுக்களில் ஒன்றான ராமோன்ஸின் டிரம்மர் டாமி ராமோன் புடாபெஸ்டில் பிறந்தவர், அவருடைய பெற்றோர் இனப்படுகொலையிலிருந்து தப்பிப் பிழைத்தவர்கள். நாட்டுப்புற இசையையும் பங்கையும் கலக்கலாம் என்று பெரிய அளவில் நிரூபித்தது, 1982இல் லண்டனில் உருவான தி போக்ஸ். ஐரிஷ் மெட்டு, குடிகாரக் குரல், நடுவில் ஓர் அக்கார்டியன். ஐரிஷ்காரர்கள் செய்ததை யூத இசையில் ஏன் செய்யக் கூடாது என்ற கேள்வி பலருக்கு அங்கிருந்துதான் வந்தது.

அக்கார்டியனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இசையின் ரகசியம் பாதி அதில் இருக்கிறது. வியன்னாவில் கிரில் டெமியன் என்பவர் 1829இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே இருப்பது நம் ஆர்மோனியத்தில் இருக்கும் அதே வகை உலோக நாக்குகள்தான். காற்று பட்டால் அதிரும். துருத்தியை இடக்கையால் இழுத்துத் தள்ளுவதால் மூச்சு முழுவதும் வாசிப்பவர் கட்டுப்பாட்டில் இருக்கும். ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு துருத்தியைச் சட்டென்று நிறுத்தினால் க்ரெக்ட்ஸ் விம்மல் வரும். வேகமாக உதறினால் மின்சாரக் கிடாரை அறைகிற மாதிரி சத்தம் வரும். வலக்கை மெட்டை வாசிக்கும்போது இடக்கைப் பொத்தான்கள் பேஸ் ஸ்வரத்தையும் முழுக் கார்டையும் கொடுக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு முழுக் கார்டு. ஆக ஓர் ஆளே ஒரு குழு. மைக் இல்லாமலே ஒரு மதுக்கடை முழுவதும் கேட்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், வாய் சும்மா இருக்கிறது. கிளாரினெட்காரரால் வாசித்துக்கொண்டே முதலாளியைக் கிண்டல் செய்ய முடியாது. அக்கார்டியன்காரரால் முடியும்.

1910களிலேயே நியூயார்க்கில் அக்கார்டியனில் கிளெஸ்மர் பதிவு செய்திருக்கிறார்கள் என்றாலும், அன்று அது மெட்டு வாசிக்கிற கருவி. பெர்னர் போன்றவர்களிடம் அது பத்கனின் கைத்துணை.

பெர்னர் தன்னை மரபின் காவலராகக் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் மரபைக் கற்காமலும் இறங்கவில்லை. புடாபெஸ்டில் வாழும் வயலின் கலைஞர் பாப் கோஹனின் துணையோடு ருமேனியாவுக்குப் போய்ப் பழைய பாணியைத் தேடிக் கற்றார். டயோனா டேவிஸின் வயலின், வெய்ன் ஆடம்ஸின் தாளம், தன் அக்கார்டியனும் குரலும் என்று மூன்று பேர் குழுவோடு 2005, 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் வரிசையாக மூன்று ஆல்பங்கள் வெளியிட்டார். குடி, கல்யாணம், கலப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு திசையில் போகும். குரல் மெருகு ஏறியதில்லை, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்கும். அதுதான் எனக்குப் பிடிக்கிறது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும். பூடகமாக எழுதப்பட்ட பாட்டுகள் தனக்குப் பிடிக்காது என்று தனியாக ஒரு பாட்டே பாடியிருக்கிறார்.

2011இல் வந்த அவருடைய 'விக்டரி பார்ட்டி' ஆல்பத்தில் இரண்டு பழைய இத்திஷ் பாட்டுகள் இருக்கின்றன. ஒன்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யப் பேரரசின் யூதத் தொழிலாளர்கள் வேலைநிறுத்த ஊர்வலங்களில் பாடிய 'தலோய் பொலிட்ஸெய்', அதாவது போலீஸ் ஒழிக. 1897இல் வில்னாவில் தொடங்கிய பூண்ட் என்ற யூதத் தொழிலாளர் கட்சியின் காலத்துப் பாட்டு. ஜார் நிக்கோலாயைச் சின்னப் பையனைக் கூப்பிடுவது மாதிரி செல்லமாக்கிக் கேலி செய்கிற வரிகள் அதில் உண்டு. பெர்னர் அதை அருங்காட்சியகப் பொருளாக வைக்காமல் தன் காலத்துப் போலீஸைப் பற்றி ஆங்கில வரிகளைச் சேர்த்துப் பாடினார். நூறு வருஷப் பழைய பாட்டு பங்க் பாட்டாக மாற அதிகம் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது பிறந்தபோதே அப்படித்தான் இருந்தது.

இன்னொன்று மோரிஸ் ரோசன்ஃபெல்ட் எழுதியது. நியூயார்க்கின் தையல் பட்டறைகளில் வேலை செய்து வதைபட்டவர், 1923இல் இறந்தார். காதலியைப் பார்த்து, பூ பூக்கிற இடத்தில் என்னைத் தேடாதே, இயந்திரங்கள் ஓடுகிற இடத்தில்தான் நான் இளைப்பாறுகிறேன் என்று சொல்லும் பாட்டு. இதைப் பெர்னர் கிண்டல் எதுவும் இல்லாமல், முழு மனதோடு பாடுகிறார். நையாண்டிக்காரர் எங்கே நையாண்டியை நிறுத்துகிறார் என்று கவனித்தால் அவர் யார் பக்கம் என்று தெரிந்துவிடும். செத்த குழந்தைகளைப் பற்றிய பாட்டையும் இந்தப் பாட்டையும் ஒரே ஆள் பாடியிருப்பது தற்செயல் இல்லை. மணப்பெண்ணை அழவைத்துவிட்டு மாமாவைக் கிண்டலடித்த அதே வேலை.

பெர்னரைத் தவிர இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். டெட்ராய்டில் வளர்ந்து 2005இல் பெர்லினுக்குப் போன டேனியல் கான். அவரும் அக்கார்டியனோடு பாடுகிறவர், தி பெயின்டட் பேர்ட் என்பது அவர் குழு. ஜெர்மானிய நாடகக்காரர் பெர்டோல்ட் பிரெக்ட்டின் வழியைப் பின்பற்றி, கேட்பவர் உருகிப்போய்விடாமல் விலகி நின்று யோசிக்கும்படி பாட்டை அமைப்பது அவர் பாணி. இத்திஷ், ஆங்கிலம், ஜெர்மன் மூன்றும் ஒரே பாட்டுக்குள் வந்து போகும். பெர்னரை விடக் குளிர்ச்சியான கோபம். யூத வரலாற்றை பெர்லினில் நின்றுகொண்டு பாடுவதற்கு அந்தக் குளிர்ச்சி தேவைதான்.

கோகல் பொர்டெல்லோ குழுவையும் பலர் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். அக்கார்டியன், வயலின், பங்க் வேகம் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அவர்கள் வேர் ரோமா இசையிலும் உக்ரைன் இசையிலும் இருக்கிறது. அவர்களே தங்கள் இசையை வேறு பெயரில்தான் சொல்கிறார்கள். கேட்க அருமையாக இருக்கும், கிளெஸ்மர் என்று சொல்வது சரியில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். கல்யாண மெட்டு ஒன்றை எடுத்து, கிடாரில் கரகரப்பை ஏற்றி, இரண்டு மடங்கு வேகத்தில் அடித்துவிட்டால் கிளெஸ்மர் பங்க் ஆகிவிடும் என்று நினைக்கிற குழுக்கள் உண்டு. அந்த வேகத்தில் க்ரெக்ட்ஸ் காணாமல் போய்விடும். விம்மல் போனால் அழுகை போய்விட்டது, பாக்கி இருப்பது வெறும் குதிப்பு. அப்புறம் அதில் நையாண்டிக்கு எடை எங்கிருந்து வரும்?

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் முதலில் பிராண்ட்வைனின் 1920களின் பதிவு ஒன்றைக் கேளுங்கள். தட்டு கரகரக்கும், பரவாயில்லை, கிளாரினெட் எங்கே விக்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அதன்பிறகு நேராக 'விக்டரி பார்ட்டி'க்கு வந்துவிடலாம். பெர்னரின் பாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் வரிகளைப் பின்தொடர்வது சுலபம், ஆனால் வரிகளைத் தேடிப் படித்துக்கொண்டே கேட்பது நல்லது, வேகத்தில் ஒரு முக்கியமான சொல் தப்பினால் பாட்டே தப்பிவிடும். ரோசன்ஃபெல்டின் பாட்டை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.